மானுக்கு எந்தத் தோட்டா?

செப்டம்பர் 4, செவ்வாய்

என் மனைவி ஐலாவின் துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று டெல்பர்ட்டின் கடைக்குப் போனேன். அது வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் போர்வை சுற்றிக் கிடந்தது. முதலில் விலை கேட்போம், பிறகு எடுத்து வருவோம் என்று வெறுங்கையோடு உள்ளே நுழைந்தேன்.

பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்த நாளிலிருந்து டெல்பர்ட் என் முகத்தைப் பார்த்ததில்லை. மளிகைக் கடையில் என்னைக் கண்டால் டப்பா அடுக்குக்குப் பின்னால் திரும்பிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாது, அவ்வளவுதான். இந்த ஊரில் யாருக்குமே தெரியவில்லை. ஏலக்காய் ரொட்டியை வாசலில் வைத்துவிட்டு, அழைப்புமணியை அடிக்காமல் போனவர்கள் உண்டு.

இன்று நான் கல்லாவுக்கு நேரே நின்றுவிட்டதால் அவருக்கு நழுவ இடமில்லை. கல்லா மேஜைக் கண்ணாடியைத் துணியால் துடைத்தபடியே, "என்ன வேணும் பத்திரிகைக்காரரே? மான் வேட்டைக்குத் துப்பாக்கியா?" என்றார். பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஆமா" என்றுவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

முப்பத்துநான்கு வருடம் நீதிமன்றமும் நகரசபையும் எழுதியவன் நான். வேட்டைக்கு ஒருநாள்கூடப் போனதில்லை. ஐலாதான் போவாள். சீசன் தொடங்கும் நாளில், சுட்டவர்கள் கடைத்தெருக் கழியில் கொண்டுவந்து தொங்கவிடும் மான்கிடாக்களின் எடையையும் கொம்புக் கிளைகளையும் செய்திக்காக நான் குறித்துக்கொண்டு நிற்பேன். இது டெல்பர்ட்டுக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"எந்த அளவுத் தோட்டான்னு யோசிச்சீங்களா?"

"இல்ல. நீங்கதான் சொல்லணும்."

கடை அடைக்கும் வரை சொன்னார். இரண்டு தடவை காப்பி. துப்பாக்கி வந்த வண்டியிலேயே வீடு திரும்பியது.

செப்டம்பர் 6

டெல்பர்ட் ஃபோன். 308 அளவுதான் சரி என்று முடிவுக்கு வந்திருக்கிறார். தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும், தோளை ரொம்ப உதைக்காது. பதினைந்து நிமிடம் பேசினார். வீட்டு ஃபோன் இந்தக் கோடையில் அடித்தது இதுதான் முதல் தடவை. பல் டாக்டர் நீங்கலாக.

செப்டம்பர் 11

அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் வெர்னாவிடம் 308 பற்றிச் சொன்னேன். தபால்தலை ஒட்டுவதை நிறுத்திவிட்டாள். அவளும் ஐலாவும் ஒரே வருடம் வேட்டைக்குப் போக ஆரம்பித்தவர்கள்.

"அண்ணே, டெல்பர்ட் பேச்சைக் கேட்டா கடைசியில பீரங்கிதான் வாங்குவீங்க. 243 எடுங்க. கன்னத்துல தட்டுற மாதிரிகூட இருக்காது."

"அவ்வளவு சின்னத் தோட்டாவுக்கு மான் விழுமா?"

"அது பலதைப் பொறுத்தது."

இந்த விஷயத்தில் எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். அது பலதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நிச்சயம். எத்தனை தூரம், காடா வெளியா, காற்று எப்படி, தோள் எப்படி. எனக்குப் பின்னால் மூன்று பேர் பார்சலோடு நின்றார்கள். யாரும் கோபப்படவில்லை. மூன்றாவது ஆள் 270 என்றார். கூடவே வெளியே வந்து, வண்டி வரை நடந்து, அதற்கான காரணங்களைச் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 23, ஞாயிறு

மழை. யாரும் இல்லை. அவளுடைய பூட்ஸ் இன்னும் கதவருகே.

செப்டம்பர் 29

ஐலாவின் அண்ணன் தைஸ்தோவை எரிபொருள் நிலையத்தில் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர், ஏரிக்கரையில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐலா அவருக்கு ஃபோன் செய்வாள். அடக்கத்துக்குப் பிறகு எங்களுக்குள் இரண்டு தலையசைப்புக்கு மேல் நடந்ததில்லை.

"துப்பாக்கி வாங்குறீங்களாமே."

"யோசிச்சிட்டு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"30-06. இதுல யோசிக்க என்ன இருக்கு?" வண்டியில் ஏறிப் போய்விட்டார். இவரிடம் மட்டும் என் வித்தை பலிக்கவில்லை.

வித்தை என்றா எழுதினேன்? சரி, எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.

அக்டோபர் 8

செய்தியாளனின் பழைய பழக்கம்: எதிராளி முடிக்கும்போது ஒரு சின்னச் சந்தேகத்தைப் போடவேண்டும், அவர் மறுபடி தொடங்குவார். டெல்பர்ட்டிடம் 243-ஐப் புகழ்ந்தேன். வெர்னாவிடம் 308-க்குப் பரிந்து பேசினேன். 270காரர் வியாழன் மாலை வீட்டுக்கே வந்து, மேஜையில் தோட்டாக்களை உயரவாரியாக நிற்க வைத்துக் காட்டினார். ஆளுக்கு ஒரு பாஸ்டி, கறி அடைத்துச் சுட்ட மடிப்பு ரொட்டி, சாப்பிட்டோம். எட்டு மாதத்தில் இந்த மேஜையில் இரண்டாவது தட்டு வைத்தது அன்றுதான்.

ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எதை வாங்குவதென்று நான் முடிவு சொல்லும் அன்றைக்கு இதெல்லாம் நின்றுபோகும்.

அக்டோபர் 17

டெல்பர்ட்: "பத்திரிகைக்காரரே, உங்களுக்குன்னு ஒரு 308 எடுத்து வெச்சிருக்கேன். நேத்து ஒருத்தர் கையில காசோட வந்தாரு. இல்லன்னுட்டேன்."

"இந்த வாரம் சொல்லிடறேன்" என்றேன். சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

அக்டோபர் 27, சனி

ஜல்லிக் குழியில் எல்லாரும் துப்பாக்கிக்குக் குறி சரிபார்க்கும் நாள். கூப்பிட்டார்கள், போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

டெல்பர்ட் அந்த 308-ஐக் கொண்டுவந்திருந்தார், நான் சுட்டுப் பார்ப்பதற்கு. ஐந்து நிமிடத்தில் வெர்னா தன் 243-ஓடு இறங்கினாள், அதுவும் எனக்காக.

"இவரு 243தான்னு முடிவு பண்ணிட்டாரே," என்றாள்.

"யாரு சொன்னா? செவ்வாக்கிழமைதான 308ன்னு என்கிட்ட தலையாட்டினாரு!"

"என்கிட்ட புதன்கிழமை ஆட்டினாரு."

270காரர் சிரித்தார். முதலில் எல்லாருமே சிரித்தார்கள். தைஸ்தோ மட்டும் சிரிக்கவில்லை. தன் தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு மெதுவாக வந்தார்.

"மாப்ள, ஐலாவோட துப்பாக்கி எங்க?"

வண்டிக்குப் போய்ப் போர்வையோடு எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். தைஸ்தோ பிரித்தார். 257. இப்போது அதிகம் பேர் வைத்திருக்காத அளவு. பின்கட்டையில் அவள் கன்னம் பட்டுப் பட்டு மெருகேறிய இடம்.

"இது இத்தனை நாளும் உங்க வண்டியிலயா இருந்துச்சு?" என்றார் டெல்பர்ட். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இவருக்குத் துப்பாக்கி வேணாம்," என்றார் தைஸ்தோ. "பேச ஆள் வேணும். அவ்வளவுதான். நீங்க எல்லாரும் கடைய மூடிட்டு வீட்டுக்குப் போங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லணுமா? ஐலா இருந்தா— இருந்தா இது எதுவுமே இல்லையே.

எல்லாரும் கிளம்பிப் போனார்கள். வெர்னா மட்டும் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஒரு கேள்வி. காட்டுல எங்க உக்காரப் போறீங்கன்னு உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அதான முதல் கேள்வி? ஐலா ஒளிஞ்சு உக்கார்ற மறைவுக் குடிசையில உக்காந்தா, சதுப்போரம் எழுபது அடிக்கு மேல பார்வை போகாது. அங்க 308ஆவது 270ஆவது! எதுல உங்க கை நடுங்கலையோ அதான் சரியான தோட்டா. படுங்க. சுட்டுப் பாருங்க."

போர்வைக்குள்ளேயே கிடந்த தோட்டாக்களைப் போட்டு, ஐலாவின் துப்பாக்கியால் சுட்டேன். மென்மையான உதை, தோளில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல. காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில்.

"என்கிட்டயும் புளுகினீங்க பாருங்க, அதுக்கு இன்னும் கோபம்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 30

டெல்பர்ட்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, 308 நேத்தே போயிடுச்சு," என்றார். பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நவம்பர் 3

ஃபோன் இல்லை.

நவம்பர் 7

பாட்டரி தீர்ந்துவிட்டதோ என்று ஃபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது.

நவம்பர் 12

ஜல்லிக் குழிக்குத் தனியாக மூன்று முறை போய்விட்டேன். அலமாரியில் அவள் விட்டுப்போன தோட்டாக்கள் கொஞ்சம்தான் மீதி. இனிச் சுட்டுப் பழக வேண்டாம். உரிமம் வாங்கியாயிற்று. வெர்னாதான் இணையத்தில் எடுத்து அச்சிட்டுக் கொடுத்தாள். "சரியான இடத்துல படும்னா மட்டும்தான் சுடணும். இல்லன்னா பார்த்துட்டு வந்துடுங்க," என்றாள். உடனே அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

போகத்தான் வேண்டுமா? யாருக்காக? யாரும் கேட்கப் போவதில்லை. எந்த முடிவும் சொல்லாமல் மழுப்பியே ஒரு இலையுதிர்காலத்தை ஓட்டினேன். ஒன்றாவது முடிக்க வேண்டும் போலிருக்கிறது.

நவம்பர் 15, வியாழன்

வேட்டைத் திறப்பு. விடிவதற்கு முன்பே ஐலாவின் மறைவுக் குடிசையில் உட்கார்ந்துவிட்டேன். பலகைச் சுவர், ஒரு ஜன்னல், கவிழ்த்த வாளி. வாளிமேல் அவள் தைத்த மெத்தை. சுவரில் பென்சிலால் வருடங்களும் அன்றன்றைய வானிலையும் எழுதியிருக்கிறாள். நான் எழுதுகிறவன் என்று ஊரில் பெயர். இவள் எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.

வெளிச்சம் வந்தது. தூரத்தில் அங்கங்கே வெடிச் சத்தம். ஒவ்வொன்றும் ஒரு விதம், ஒன்றையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கால் மரத்துப்போயிற்று. வீட்டில் இருக்கும்போது இருப்பதைவிடத் தனிமை இங்கே அதிகம் இல்லை. குறைவும் இல்லை.

பத்து மணி வாக்கில் தேவதாருக்களுக்கு நடுவிலிருந்து ஒரு இளங்கிடா வந்தது. கொம்பு ஒரு சாண் இருக்கும், கிளை இல்லை. நின்று, பக்கவாட்டில் திரும்பியது. முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்தேன். பின்கட்டையின் மெருகேறிய இடம் என் கன்னத்துக்குக் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. கழுத்தை வளைத்ததும் சரியாயிற்று. கை நடுங்கவில்லை. சுட்டேன்.

நாலைந்து தாவல், பிறகு விழுந்தது. எழவில்லை. பக்கத்தில் போய் நின்றேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. குடலை எடுக்கக் கத்தி இருந்தது. எங்கே வைப்பது? எத்தனை கிடாக்களின் எடையை எழுதியிருக்கிறேன்! ஒன்றையும் தொட்டதில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. சதுப்புப் பக்கம் சுள்ளி ஒடியும் சத்தம். தைஸ்தோ. தொப்பி இல்லை, மூச்சு இரைத்தது. அவரும் கூட்டாளிகளும் சீசனுக்குத் தங்கும் வேட்டை முகாம் அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு மைல். அங்கே முப்பது வருடமாக அவர்தான் சமையல்.

"அடுப்புல குழம்ப வெச்சிட்டு வந்தேன்," என்றார்.

"எப்படித் தெரியும் நான்தான்னு?"

"நீங்கன்னு யாரு பார்த்தா? ஐலாவோட 257 சத்தம் கேட்டுச்சு." முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு நொடி... சரி விடுங்க. கத்திய இப்படிக் கொடுங்க. பிடிக்கிற லட்சணத்தப் பாரு. இவரு முப்பது வருஷம் பேனா பிடிச்சவராம்."

மானை இருவரும் இழுத்துவந்தோம். வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். கடைத்தெருக் கழியில் தொங்கவிட்டார். அங்கிருந்தவற்றில் என்னுடையதுதான் சின்னது. டெல்பர்ட் வந்து எடை பார்த்தார். "எந்தத் தோட்டா?" என்று கேட்டார். சொன்னேன். "நல்ல தோட்டா," என்றார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நவம்பர் 18, ஞாயிறு

கறியைப் பொட்டலம் கட்டினேன். பாதியைத் தைஸ்தோ வீட்டு வாசலில் வைத்தேன். மணியை அடித்தேன். அவர் இல்லை.

நவம்பர் 25, ஞாயிறு

ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எண்ணை அழுத்திவிட்டு, அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எதைச் சொல்லி ஆரம்பிப்பது?

டிசம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து பனி. மதியம் ஃபோன் அடித்தது. தைஸ்தோ.

"மாப்ள, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"மான்கறிக் குழம்புல போடற உருளைக்கிழங்கு எவ்வளவு நேரம் வேகணும்?"

முப்பது வருடமாக முகாமுக்குச் சமைப்பவர் கேட்கிறார்.

"அது பலதைப் பொறுத்தது," என்றேன். "சிவப்பா, வெள்ளையா?"

"ரெண்டும் இருக்கு."

"தோல் உரிச்சா, உரிக்காமலா?"

"அதான் யோசிச்சிட்டே இருக்கேன்," என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.