பரிமளா அக்காவின் நீல வீல்கள்

முகம் பார்க்காமலே என்னோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் பரிமளா அக்காவுக்கு,

நான் மங்கை. உங்களுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். அவரை உங்கள் வீட்டுக்காரர் என்று எழுதுவதா, என் வீட்டுக்காரர் என்று எழுதுவதா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சேகர் என்றே எழுதிவிடுகிறேன். நேரில் நான் அவர் பேரைச் சொன்னதே இல்லை. நீங்கள் சொல்லித்தான் கூப்பிடுவீர்களாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத ஒரு பெண் மேல் பொறாமைப்படலாமா? தெரியவில்லை. உங்கள் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவள் நான்தான். அந்தப் படத்தோடு எனக்கு வம்பு எதுவும் இல்லை, அது பாட்டுக்குச் சுவரில் இருக்கிறது. கார் வீல்கள் அப்படியா? அவை ஊரெல்லாம் சுற்றின.

வாடகைக்கு ஓடும் வெள்ளைக் காருக்கு நாலு நீல வீல். கம்பெனியிலிருந்து வெள்ளி நிறத்தில் வந்த அலாய் வீலுக்கு நீங்கள் உங்கள் கையால் மயில்கழுத்து நீலம் அடித்தீர்கள் என்று கல்யாணமான வாரமே எனக்குச் சொல்லிவிட்டார்கள். மங்கலம்பேட்டையில் குவைத்துக்கும் துபாய்க்கும் கிளம்புகிறவர்கள் ஏர்போர்ட்டுக்கு ‘நீல வீலு வண்டி’யைத்தான் கூப்பிடச் சொல்வார்கள். கார் ஸ்டாண்டில் சேகருக்குப் பேரே நீலவீலு. வேப்பூர் ஹோட்டல் வாசலில் நான் முன்சீட்டிலிருந்து இறங்கினால், டீ போடுகிறவர் என்னைப் பார்க்கமாட்டார், வீலைப் பார்ப்பார். என்ன கை அந்தம்மாவுக்கு என்பார்.

நான் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள் அக்கா. வருஷக்கணக்காக எழுதுகிறேன். என் கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சேகர் என்னை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருந்தார். அதுதான் குறை. சாப்பிட்டியாம்மா, போயிட்டு வரேம்மா. எல்லாமே அம்மா. குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். விருந்துக்கு வந்த இடத்தில் நடந்துகொள்வதுபோல. உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனுஷனோடு தெருவே கேட்கும்படி சண்டை போட எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்?

இந்த மழைக்காலத்தில் முன்பக்க வீல் ஒன்றில் காற்று நிற்காமல் போனது. பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார்கள், ஆணி எதுவும் இல்லை. டயரைக் கழற்றிவிட்டு விளிம்பு வரைக்கும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், டயர் உட்காரும் இடத்தில் அது செதில் செதிலாகப் பெயர்ந்து காற்று கசிகிறது என்றார் கடைக்காரர். நாலு வீலிலும் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டால்தான் சரியாகுமாம். நான் முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்போல இருந்தது எனக்கு.

சேகர் செய்யவில்லை. போகிற வழியில் பங்க் பங்காக நிறுத்திக் காற்றுப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். ஒருநாள் காலையில் டயர் தரையோடு படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் வீலைக் கழற்றிக்கொண்டு போய், டயரைப் பிரித்து, வெறும் வீலைக் கொண்டுவந்து பின்பக்கத் துணி துவைக்கிற கல் மேல் வைத்தார். சுரண்டிவிட்டு மறுபடியும் அதே நீலத்தை அடித்துக்கொள்ளலாம் என்றார்.

“வேணாங்க. கம்பெனி கலர்லயே இருக்கட்டும்” என்றேன்.

“ஊருக்கே அடையாளம்மா அது.”

“ஊருக்குத்தானே. நான் அந்த வண்டியில ஏறினா, அவங்க வண்டியில எடம் கேட்டு உக்காந்த மாரி இருக்குது எனக்கு.”

வாயிலிருந்து வந்தே விட்டது. அவர் முகம் மாறியது. “ஏண்டி, அதுல கைய வைக்காதன்னா வைக்காத” என்றார். குரல் சுவரைத் தாண்டியிருக்கும். முதல்முறையாக ‘ம்மா’ போய் ‘டி’ வந்தது. எனக்கும் கோபம் வந்தது. அதற்குள்ளேயே ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

“நான் அழிக்கத்தான் போறேன்” என்றேன். அவர் கிளம்பிவிட்டார். அன்றைக்கு வேறொருவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போக வேண்டியிருந்தது அவருக்கு.

கடைக்குப் போய் பெயிண்ட் எடுக்கிற மருந்து வாங்கி வந்தேன். கையுறை போட்டுக்கொண்டு பிரஷ்ஷால் வீல் முழுக்கத் தடவி, பிளாஸ்டிக் கவரால் மூடி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீலம் தீக்கொப்புளம் மாதிரி பொங்கி எழுந்தது. பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினேன். தோல் உரிகிற மாதிரி உரிந்தது. நன்றாகச் சுரண்டினேன் அக்கா. மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். ஒவ்வொரு சுரண்டலிலும் எனக்குள் ஏதோ ஒன்று ஆறியது.

நீலத்துக்கு அடியில் வெள்ளி வரவில்லை. மஞ்சள் வந்தது.

அடிக்கோட்டிங் என்று முதலில் நினைத்தேன். இல்லை. பளபளவென்று, சூரியகாந்திப் பூ நிறத்தில், நிதானமாக ஒரே திசையில் பிரஷ் ஓட்டி அடித்த மஞ்சள். நிறத்தோடு பிழைக்கிறவள் நான், அவசரமாக அடித்ததற்கும் ஆசையாக அடித்ததற்கும் வித்தியாசம் தெரியும். மேலே இருந்த நீலம் அவசரம். கீழே இருந்தது ஆசை. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சேகர் வந்து பார்த்தார். வீல் பாதி நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் கிடந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெரிஞ்சிடுச்சா என்று கேட்டார். எனக்கு என்ன தெரிந்துவிட்டது என்று எனக்கே தெரியாது. பிறகு அவராகவே சொன்னார்.

செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கியபோது வீலெல்லாம் கீறலாக இருந்ததாம். நீங்கள்தான் இதே கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மஞ்சள் அடித்தீர்களாம். ஸ்டாண்டில் சர்க்கஸ் வண்டி என்று கேலி செய்திருக்கிறார்கள். இவர் பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. நீங்கள் ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீட்டுக்குத் தேர் பார்க்கப் போயிருந்தபோது, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இவரே மேலே நீலத்தை அடித்துவிட்டார்.

நீங்கள் ஊரிலிருந்து திரும்பி ஸ்டாண்டு பக்கமாக நடந்து வந்தீர்களாம். வண்டியைப் பார்த்து நின்றீர்களாம். எல்லா டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய கலர் என்ன ஆச்சு என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்க, “மஞ்சா சீக்கிரம் அழுக்காவுதுண்ணா, நான்தான் நீலத்துக்கு மாத்திட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து அந்த நீலம் ஊருக்கு உங்கள் நீலமாகிவிட்டது. நீங்களும் மறுக்கவில்லை, இவரும் மறுக்கவில்லை.

“எல்லாத்துக்கும் கத்துறவ. அதுக்கு மட்டும் கத்தல. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்த கேட்டுக்கினு, தப்புதான்டின்னு சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அந்தக் காய்ச்சலு வந்துடுச்சு” என்றார். அழுதார். என் முன்னால் அவர் அழுதது அன்றுதான். அதுவும் உங்களுக்காக.

நான் உங்களுக்காக இரக்கப்பட்டிருக்க வேண்டும். வந்தது அது இல்லை. ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் ஒரே வாக்கியத்தில் அவர் மானத்தைக் காப்பாற்றினீர்களே, அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அது எனக்கு வாய்த்திருக்குமா என்றுதான் தோன்றியது. நீல வீல் போய், அதைவிடப் பெரிய பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் அந்த நீலத்தை அவர் விடாமல் காத்தது உங்கள் நினைவுக்காக மட்டுமில்லை, அடியிலிருக்கும் மஞ்சளை மறுபடி பார்க்கத் தைரியம் இல்லாததாலும்தான் என்று தெரிந்தபோது, வெகுநாளாக நெஞ்சில் இருந்த ஒரு கல் நகர்ந்தது.

மறுநாள் நாலு வீலையும் இரண்டு பேருமாகச் சேர்ந்தே உரித்தோம். வேறு வழியில்லை அக்கா, டயர் உட்கார வேண்டுமே. உங்கள் மஞ்சளும் போனது. நான் திரும்பக் கேட்ட கம்பெனி வெள்ளியும் அதே மருந்தில் கரைந்துபோனது. மிஞ்சியது வெறும் அலுமினியம். சொரசொரப்பான வாட்டர் பேப்பரில் தொடங்கி நைசான பேப்பர் வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். பிறகு டிரில் மிஷினில் பஞ்சு உருண்டையை மாட்டி, பாலிஷ் வைத்து ஓட்டினோம். நான் தேய்த்ததில் கோடு விழுந்திருக்கிறது என்று சேகர் குறை சொன்னார். நீங்க அமுக்கின அமுக்குல வுழுந்ததுதான் அது என்றேன் நான். பேச்சு வளர்ந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். கடைசியில் வீலில் எங்கள் இரண்டு பேர் முகமும் வளைந்து தெரிந்தது.

போன வாரம் மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில், நீல வீல் என்னாச்சு என்று சேகரிடம் கேட்டாராம் அந்த வீட்டு பாய். “எங்க வூட்டுல தேச்சது” என்றாராம் இவர். இதை அவராக வந்து என்னிடம் சொல்லவில்லை, கூடப் போயிருந்த டிரைவர் ஒருவர் சொன்னார். எங்க வூட்டுல என்றால் யார் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது நான்.

இன்னும் ஒரு சேதி. எல்லாம் முடிந்த பிறகு சேகர் டிக்கியைத் திறந்து, அடிவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். ஸ்டெப்னி இருந்தது. முழு மஞ்சள். உள்ளே கிடப்பதுதானே என்று அதன் மேல் அவர் நீலம் அடிக்கவே இல்லையாம். காற்று போன வீலோடு பங்க் பங்காக அலைந்தபோதும் அதை எடுத்து மாட்டாதது இதனால்தான்.

குனிந்து பார்த்தேன். நட்டு மாட்டும் துளைகளைச் சுற்றி ஒரு சொட்டு வழியவில்லை. விளிம்பு மயிரிழை பிசகவில்லை. பொம்மைக்குக் கண் எழுதுகிற எனக்கே அந்த விளிம்பு வராது. அப்போதும் வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். இதையும் தேச்சிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று விரிப்பை இழுத்து மூடினேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுது. அவளும் என்னக் காப்பாத்திட்டா, நீயும் காப்பாத்தணுமா?” என்றார். எழுதிவிட்டேன். அந்த நீலம் நீங்கள் அடித்தது இல்லை என்று இனி ஊருக்குத் தெரியும்.

டயர் என்றால் ஒருநாள் பஞ்சர் ஆகத்தான் செய்யும். அன்றைக்கு ஸ்டெப்னியை மாட்டச் சொல்வேன். மூன்று வெள்ளி வீல், ஒரு மஞ்சள் வீலோடு ஸ்டாண்டு வழியாகத்தான் போகச் சொல்வேன். நான் முன்சீட்டில் இருப்பேன். இது யார் வேலை என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்டால், அவரை வாய் திறக்க விடமாட்டேன். எங்க அக்கா அடிச்சது, இந்த மாரி ஒரு விளிம்பு உங்கள்ல யாருக்காவது வருமா என்று நானே கேட்பேன். இது சத்தியம்.

இன்னும் பொறாமை தீராத,
உங்கள் தங்கச்சி
மங்கை