மூன்று மூலைகள்

ஆவணி 4, புதன்

இன்று சீவலப்பேரிக்குப் போய் ஆவுடையம்மாள் அக்காவிடம் அந்தப் பழைய தபால் உறையைக் காட்டினேன். என் சேகரிப்புக்காகப் போன வாரம் அவர் தந்தது. போர்க்காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பட்டாளத்திலிருந்து அவர் அப்பா அனுப்பிய உறையையே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி, அவர் அம்மா பதில் போட்டிருக்கிறார். அப்பா அதைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மூலைகளில் பழுப்புக் கறை இருந்தது. மூன்றை ரப்பரால் பதமாகத் தேய்த்து எடுத்திருந்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

“தொடச்சிட்டியா தம்பி? அது மஞ்சள்லா! நான் பொறந்த சேதின்னு எங்கம்மை தடவி அனுப்புனது.”

எத்தனை கல்யாணப் பத்திரிகைக்கு நானே மஞ்சள் தடவியிருக்கிறேன்! அது இப்படிப் பழுத்துப்போகும் என்று தோன்றவேயில்லையே.

அவர் திட்டவில்லை. அடுக்களைக்குப் போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். “உறைய பைய பிடி, கிழிஞ்சிராம” என்றார்.

ஈரக் கையோடு யாரையும் உறை பக்கம் அண்ட விடாதவன் நான். மூன்று மூலைகளையும் ஒவ்வொன்றாக அவர் விரலுக்கு நீட்டினேன்.