வெற்றிக் கோட்டில் வெறுங்கால்

ஜூன் 7, சனி

இன்று ஆறு பந்தயம். மூன்றாவதில் இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்கு வந்தன. யார் முதல் என்று கீழே ஒரே கூச்சல். மேலே கேமரா அறையிலிருந்து என் படம் போன பிறகுதான் அடங்கினார்கள்.

கடைசிப் பந்தயப் படத்தில் மட்டும் ஒரு கோளாறு. கடைசிக் குதிரைக்கும் பின்னால் ஒரு ஆள். நடுவரிடம் காட்டினேன்.

"லென்ஸ்ல தூசும்மா. துடைச்சு விடு."

துடைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

தூசுக்குக் கால்விரல் இருக்குமா?

என் கேமரா வெற்றிக் கோட்டை மட்டும்தான் பார்க்கும். ஒரு மயிரிழை அகலம். அதைக் கடப்பதையெல்லாம் வரிசையாக ஒட்டி நீளமாக ஒரே படமாகத் தரும். அசையாமல் நிற்கிற எதுவும் அதில் வெறும் கீற்றாக இழுபட்டுப் போகும். குதிரை வேகத்தில் போவது மட்டும்தான் ஒழுங்கான உருவமாக விழும்.

அந்த ஆள் ஒழுங்காக விழுந்திருக்கிறான். நடந்து போகிறவன் அப்படி விழ மாட்டான்.

ஜூன் 14, சனி

இன்றும். நான்காவது பந்தயம், ஜாக்கியான என் தம்பி ஓட்டியது. இந்தத் தடவை ஆள் கடைசியில் இல்லை. தம்பியின் குதிரைக்கு ஒரு குதிரை நீளம் பின்னால். ஜாக்கிச் சட்டை, தலைக்கவசம். முகம் கலங்கல். காலில் ஒன்றும் இல்லை.

மைதானத்துப் பொது வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஏழு குதிரைகள். ஆள் இல்லை.

தம்பியிடம் சொல்லவில்லை. பந்தயத்துக்காக எடை குறைக்கிற கவலையே அவனுக்குப் போதும். சாப்பாட்டு மேசையில் அரை டம்ளர் தண்ணீரைக் குடிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 21, சனி

தம்பி ஜெயித்தான். படத்தில் அந்த ஆளின் கை தம்பியின் பூட்ஸைப் பிடித்திருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று படங்களையும் சமையலறை மேசையில் விரித்தேன். விசிலடித்துக்கொண்டே வந்த தம்பி குனிந்து பார்த்தான். விசில் நின்றது.

"இதை யார்கிட்டயாவது காட்டினியா?"

"முதல் படத்த நடுவர்கிட்ட. தூசுன்னார்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சின்னவன்க்கா" என்றான்.

சின்னவன் போன வருடம் கடைசி வளைவில் விழுந்து செத்துப்போன ஜாக்கி. இவனோடு ஒன்றாகத் தொழில் கற்றவன். குதிரை தடுக்கி விழுந்தது என்று விசாரணைக் குழு எழுதி முடித்துவிட்டது.

"தடுக்கலக்கா. நான்தான் என் குதிரைய அவனுக்குக் குறுக்க விட்டேன். அங்க இடம் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன்."

"உளறாதடா. முகமே தெரியலையே, எப்படி அவன்னு சொல்ற?"

"கால் தெரியுதே. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அவன் பூட்ஸு, சாக்ஸு எல்லாத்தையும் கழட்டினது நான்தானே."

அன்றைக்கும் மேலே கேமரா அறையில் நான்தான் இருந்தேன். ஆறு குதிரை வந்தது. ஏழாவது எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என் காலப் புடிச்சிருக்கான்க்கா. விடச் சொல்லு." சின்னப் பிள்ளை மாதிரி சொன்னான். யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 25, புதன்

தம்பி தானே போய் விசாரணைக் குழுவிடம் படம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லைசென்ஸ் போனது. போலீஸ் வழக்கும் வரும் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினான். ஜாக்கி ஆன பதினான்கு வருடத்தில் அவன் இப்படிக் கேட்டதில்லை. நான்தான் அழுதேன். அவன் அழவில்லை.

ஜூலை 3, வியாழன்

சின்னவன் மனைவி வந்தார். தம்பி எழுந்து நின்றான். வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். ஏதோ படம் இருக்காமே. அதக் காட்டுங்கக்கா."

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மெல்ல வடிந்தது.

"இது அவர் இல்ல."

"நல்லாப் பாரும்மா" என்றேன்.

"என் வீட்டுக்காரர் கால் எனக்குத் தெரியாதா? வலது கால்ல ரெண்டு விரல் ஒட்டியே பொறந்தவர். இதுல அஞ்சும் தனித்தனியா இருக்கு." பிறகு தம்பியைப் பார்த்தார். "கழட்டினேன்னு சொன்னீங்களாமே. காலப் பாக்கவே இல்லையா?"

தம்பி படத்தை வாங்கி மறுபடி விரல்களை எண்ணினான்.

செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "அவரா இருக்கும்னு ஆசையா வந்தேன்க்கா."

சின்னவன் இல்லையென்றால் — யார்?

ஜூலை 5, சனி

போன சனி பந்தயம் இல்லை. தம்பி ஓட்டாத முதல் பந்தய நாள் இன்றுதான். நான்கு பந்தயம் வரை படம் சுத்தமாக வந்தது. கையை நீட்டிச் சோம்பல் கூட முறித்தேன்.

ஐந்தாவதில் அந்த வெறுங்கால் ஆள் வந்துவிட்டான். வேறு குதிரை, வேறு ஜாக்கி. இந்தப் பருவம் முழுக்க மைதானமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். அவருடைய பூட்ஸைத்தான் அந்தக் கை பிடித்திருந்தது.

படத்தை அச்செடுத்தேன். ஜாக்கிகள் உடை மாற்றும் அறை வாசலுக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். மாலையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, ஜெயிச்ச படமா? குடுங்க குடுங்க."

வாங்கிப் பார்த்தார். யார் இது என்று கேட்கவில்லை. கேமரா கோளாறா என்றும் கேட்கவில்லை. ஒரு காலை மட்டும் மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் செஞ்சத யார் சொன்னா உங்களுக்கு?" என்றார்.