மடைப்பெட்டியோடு நிற்கும் அக்காவுக்கு

என் பூமணி அக்கா,

சொன்னால் நம்பமாட்டாய், உன் மகள் தர்ஷிக்கு ஆவணியில் கலியாணம். நீ போகும்போது அவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். கடல் பொங்கின அந்த மார்கழி ஞாயிறுக்கு முதல் நாள் நான் அவளை நாவற்குடாவில் என் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். கல்லடி வீட்டோடு உன்னையும் அத்தானையும் கொண்டுபோன கடலுக்கு அவள் மட்டும் அகப்படவில்லை.

கலியாணம் நிச்சயமான அன்று அவள் கேட்டது நகையுமில்லை, சேலையுமில்லை. "சின்னம்மா, மணவறைக்குப் பக்கத்தில மாலை போட்டு வைக்க அம்மாட படம் ஒண்டு வேணும்."

நான் எங்கே போவேன், சொல்லு? நம் படங்கள் எல்லாம் இருந்த கல்லடி வீடு கடலோடு போயிற்று. உன் கலியாண அல்பம் ஒன்று வாவிக்கு மேற்கே அத்தானின் தாய் வீட்டில் இருந்தது. சண்டை முடிகிற காலத்தில் அவர்கள் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கூரையே இல்லை, அல்பம் எங்கே இருக்கும்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு. உன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முகம்தான் கலங்கிக்கொண்டு வருகிறது அக்கா. கண்ணை மூடினால் சில நாள் அம்மாவின் முகம் வருகிறது, சில நாள் யாரோ ஒருத்தி வருகிறாள்.

நூலகத்தில் பழைய பத்திரிகை, பள்ளிக்கூட மலர், கோயில் மலர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் பார்க்க விட்டிருக்கிறார்கள். கிழமைக் கணக்காக அங்கே போய்க் குந்தினேன். அப்பாவின் பெயரைப் போட்டேன், அப்பாவின் ஊரான கிரானைப் போட்டேன். யார் யாரோ வந்தார்கள், நீ வரவில்லை.

ஒரு நாள் தர்ஷி கூட வந்தாள். பக்கத்தில் இருந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். "உங்கட அப்பாட ஊரில தேடி என்ன சின்னம்மா? நீங்களும் அம்மாவும் அம்மம்மாட குடிதானே. நம்மட குடித் திருவிழாவில தேடுங்க."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீடும் வளவும் குடி என்கிற வம்சமும் தாய்வழியில் வருகிற ஊரில் பிறந்துவிட்டு, படிவத்தில் தகப்பன் பெயர் எழுதிப் பழகின புத்தி அப்படித்தான் வேலை செய்திருக்கிறது. குடிக்கு ஒரு நாளாக நடக்கும் அம்மன் கோயில் திருவிழா மலர்களில் எங்கள் குடியின் பக்கத்தைத் திறந்தோம்.

அங்கே நின்றாய் அக்கா. பாவாடை தாவணியில், தலையில் அம்மனுக்குப் படையல் கொண்டுபோகும் மடைப்பெட்டி. பக்கத்தில் அதேபோல ஒரு பெட்டியோடு நான். என் பெட்டி சரிகிறது, நீ ஒரு கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாய். பாதி முகம்தான் தெரிகிறது. அந்தப் பாதி போதுமாயிருந்தது எனக்கு, அத்தனை பேர் நடுவில் குழறி அழுதேன்.

படத்தை அச்செடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்தத் தம்பி பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கிற ஆக்கள்ற படத்துக்கு மாலை போடக்கூடாதுக்கா. உங்கள வெட்டிட்டு அவங்கள மட்டும் பெருசாக்கித் தாறன்" என்றான்.

அவன் சொல்வது சரிதானே. "ஓம் தம்பி, வெட்டுங்க" என்றேன். கலியாண வீட்டில் ஏன் அபசகுனம்?

தர்ஷி படத்தைக் கையிலேயே வைத்திருந்தாள், கொடுக்கவில்லை.

"வேணாம். சின்னம்மாவ வெட்டினா அம்மா ஆரப் பாக்கிற?"

அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருசம் அவளை வளர்த்தது நான் என்று ஒரு நாளும் பெருமை பேசியதில்லை அக்கா. ஆனால் அந்த நிமிடம், நீயே வந்து என் தலையைத் தடவின மாதிரி இருந்தது. நீ இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும்?

சொல்லி வைக்கிறேன், கேட்டுக்கொள். ஆவணியில் மணவறைக்குப் பக்கத்தில் விளக்கேற்றி, வெட்டாத அந்தப் படத்தில் உன்னை வைப்போம். மாலை போடமாட்டோம். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், என்னோடு நிற்கும்வரை உனக்கு மாலை கிடையாது.

உன் தங்கச்சி,
உன் பிள்ளையின் சின்னம்மா.