கடைசி பெஞ்சில் இடம்

ஆகஸ்ட் 7, 1999, சனி

காலையிலிருந்து தூறல். காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஒரே சேறு. செருப்பு வார் அறுந்து, ஊக்கு மாட்டிக்கொண்டு கல்லூரி வரை இழுத்து இழுத்து நடை.

பத்து மணிக்கு ரெமிடியல் வகுப்பு. புள்ளியியலில் அரியர் வைத்திருக்கும் பி.காம். பிள்ளைகள். வந்தது பாதிப் பேர்தான். எல்லாரும் நடுவில், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர். முதல் பெஞ்ச் வழக்கம்போல் காலி. கடைசி பெஞ்சும் காலி. அது வில்சனின் இடம்.

ஸ்டாண்டர்ட் டீவியேஷன் நடத்தினேன். "புரிஞ்சுதா?" என்றேன். "எஸ் மிஸ்" என்று ஆமென் சொல்வதுபோல் சேர்ந்து சொன்னார்கள். ஒரு கணக்குக் கொடுத்தால் ஒருத்தருக்கும் வரவில்லை. போன வருஷமாக இருந்தால் இந்த இடத்தில் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்திருக்கும். "மேடம், எனக்கு ஒரு டவுட்டு."

வகுப்பு முடிந்து ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். "சனிக்கிழமை அந்த ரூம கம்ப்யூட்டர் கோர்ஸுக்குக் கேக்கறாங்க மேடம். உங்க பசங்க வர்றதே பாதி. வந்தாலும் வாயத் தெறக்கறதில்ல. இந்த மாசம் பாக்கலாம், ஆமேலே நோடோணா." அப்புறம் பார்க்கலாம் என்கிறார் கன்னடத்தில். இந்த மாசம் மட்டும் என்று அர்த்தம்.

நாளைக்கு: செருப்பு தைக்கக் கொடுக்கணும். அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. ஆராதனைக்குப் போனேன், பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை.

சாப்பிடும்போது அம்மா: "அந்த வில்சன் தம்பி இப்பல்லாம் வர்றதேயில்லயே? ஆர்.சி. சர்ச்சுன்னாலும் நல்ல புள்ள."

"வேலை ஜாஸ்திம்மா."

ஜூனில் கல்லூரி வேலையை விட்டுப் போனவர். ஓசூர் ரோட்டில் சாஃப்ட்வேர் கம்பெனி, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. வெளிநாடு போயிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். இதே ஊரில் இருந்துகொண்டு கண்ணில் படாமல் இருப்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

அந்த கடைசி பெஞ்ச் விஷயம் நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அவர் வகுப்பறை ஒழுகியது. பேப்பர் திருத்த என் வகுப்பில் வந்து பின்னால் உட்கார்ந்தார். நடுவில் தலையைத் தூக்கி, ஏன் மேடம் அப்படி என்று கேட்டுவிட்டார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சாரே கேட்கிறார் என்றதும் இன்னொரு பெண் கேட்டாள், அப்புறம் இன்னொருத்தன். அடுத்த சனியும் வந்து உட்கார்ந்தார். வருஷம் முழுக்க உட்கார்ந்தார். எதைக் கேட்கப் பிள்ளைகள் வெட்கப்படுவார்களோ அதையெல்லாம் கேட்டார். சாருக்குக் கணக்கு வீக், பாவம் என்று ஒரு பெண் தன் பழைய கைடைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நடத்துவது கமர்ஷியல் லா. அந்த சந்தேகங்களில் பாதி நிஜம் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்தக் குரல் எனக்கு வேண்டும். வகுப்புக்கு மட்டும்தானா என்றால், இல்லை. இதை இங்கேதான் எழுத முடியும்.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

மழை. தைக்கக் கொடுத்த செருப்பைத் திரும்ப வாங்கவில்லை, கடை மூடியிருந்தது.

வேறு வழி ஒன்று பார்த்தேன். மத்தியான இடைவேளையில் ரெமிடியல் பிள்ளைகளைக் கூப்பிட்டு, துண்டுக் காகிதம் கொடுத்து, பேர் போடாமல், புரியாததை எழுதுங்கள் என்றேன். பாதி வெள்ளைத் தாள். ஒன்றில் "ஃபேன் சத்தம் மிஸ்". ஒன்றில் "எல்லாம்". அந்த "எல்லாம்" லூர்து மேரியின் கையெழுத்து. லிங்கராஜபுரத்திலிருந்து வருகிற பெண். தமிழ் மீடியம். இந்தப் பேப்பரில் மட்டும் திரும்பத் திரும்ப ஃபெயில். வராந்தாவில் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "இந்த வாட்டியும் போச்சுன்னா நான் நின்னுடுவேன்டி. வீட்ல மறுபடி ஃபீஸ் கேக்கறதுக்கு வாயில்ல."

எல்லாம் என்று எழுதுகிறவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? வில்சன் இருந்தால் கேட்கலாம். இனிமேல் வகுப்பில் "புரிஞ்சுதா" என்று கேட்பதில்லை. அதற்கு ஒரே பதில்தான் வருகிறது.

ஆகஸ்ட் 12, வியாழன்

வில்சனே போன் செய்தார். "ஜெயா, ரெமிடியல் எப்படி போகுது?" ரூம் போகப்போகிறது என்றேன்.

"இந்த சனிக்கிழமை கண்டிப்பா வர்றேன். என் சீட்ட யாருக்கும் குடுத்துடாதீங்க."

சாயங்காலம் நீலக் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டேன். அம்மா பார்த்தாள்.

ஆகஸ்ட் 14, சனி

வெயில். நீலப் புடவை. காலையிலேயே போய்க் கடைசி பெஞ்சைத் துடைத்து வைத்தேன், நானே.

பத்தே கால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. போர்டில் ஒரு வரி எழுதுவேன், வாசலைப் பார்ப்பேன். லூர்து மேரிதான் கேட்டாள்: "மிஸ், யாராச்சும் வரணுமா?"

பிள்ளைகள் எதிரில் முகம் சிவந்துவிட்டது. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். "நீ நடத்து" என்று சொல்லிவிட்டு நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் போர்டு அவ்வளவு தூரம். என் கையெழுத்து அவ்வளவு பொடி. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

லூர்து போர்டுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் என் வாயில் அதுதான் வந்தது. "மேடம், எனக்கு ஒரு டவுட்டு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் திரும்பினாள்.

"அந்த வித்தியாசத்த எல்லாம் எதுக்கு ஸ்கொயர் பண்ணணும்? சும்மா கூட்டினா என்ன?"

யோசித்தாள். உதவிக்குப் போகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்.

"கூட்டினா சைஃபர் வருது மிஸ். எங்க லிங்கராஜபுரம் பஸ் ஒரு நாள் சீக்கிரமே போயிடும், ஒரு நாள் லேட்டா வரும். ரெண்டையும் கூட்டிப் பாத்தா பஸ் கரெக்ட் டைம்னு ஆயிடும். ஆனா ரெண்டு நாளும் எனக்கு ஃபர்ஸ்ட் ஹவர் போச்சு. ஸ்கொயர் பண்ணா மைனஸ் போயிடும். ப்ளஸ்ஸும் மைனஸும் அடிச்சுக்காது."

நடுவிலிருந்து மஞ்சுநாத், கோலார்ப் பக்கத்துப் பையன், இதுவரை ஒரு வார்த்தை பேசாதவன்: "மைனஸ சும்மா எடுத்துட்டா சாக்கல்வா?" போதாதா என்று கேட்கிறான். அருமையான கேள்வி. அப்படியும் ஒரு முறை இருக்கிறது, வேறு பேரில். அங்கிருந்தே சொன்னேன். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

வில்சன் வரவில்லை. வராததில்தான் இது நடந்தது. அதற்காக சந்தோஷமா? அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து புடவையை மடிக்கும்போது அழுகை வந்தது.

ஆகஸ்ட் 21, சனி

செருப்பு கிடைத்தது. நன்றாகத் தைத்திருக்கிறார்.

புது ஏற்பாடு. பிள்ளைகளில் ஒருவர் நடத்த வேண்டும். கடைசி பெஞ்சில் உட்காருகிறவர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், எவ்வளவு மக்குத்தனமாக இருந்தாலும். போர்டில் எழுத்து பெரிதாக. இன்றைக்கு முழு வகுப்பும் வந்துவிட்டது. கடைசி பெஞ்சுக்கு அடிதடி. நான் சுவரோரம் நின்றேன்.

சத்தம் கேட்டு ஹெச்.ஓ.டி. வந்தார். "ஏனு கலாட்டா?" லூர்து மேரி போர்டில் நின்று மஞ்சுநாத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், மீடியனைப் பற்றி. வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். "பரீட்ச வரைக்கும் ரூம வெச்சுக்கோங்க" என்றார்.

பரீட்சைக்கு ஃபீஸ் கட்டிவிட்டதாக லூர்து சொன்னாள். பாஸாவாளா தெரியாது. எழுதப்போகிறாள்.

முதலில் அவரிடம்தான் சொல்லத் தோன்றியது.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

மறுபடி தூறல். மத்தியானம் போன். வில்சன். அன்றைக்கு ஏதோ அவசர மீட்டிங்காம், மன்னிப்புக் கேட்டார். ரூம் தப்பித்ததையும் நடந்ததையும் சொன்னேன். சிரித்தார்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை நான் வரட்டுமா ஜெயா? சும்மா, பாக்கறதுக்கு."

"கடைசி பெஞ்ச்ல இடமில்ல" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னது பாதி, ரோஷம் பாதி. "ஓ. சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

முதல் பெஞ்ச் எப்போதும் காலிதான். அதைச் சொல்லியிருக்கலாம்.