மௌனசாமி திரும்பிப் பார்த்தான்

அடி அண்ணாமலை,
12.8.2025, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள முருகவேலுக்கு,

பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் டீச்சர் எழுதுவது. இங்கே உன் வீட்டிலும் என் வீட்டிலும் எல்லோரும் சுகம். நீயும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும். லீவு முடிந்து உன் ரூம்காரன் சுரேஷ்குமார் நாளை மறுநாள் கிளம்புகிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் எழிலரசி வறுத்துக் கட்டிய வேர்க்கடலை இருக்கிறது. முதலில் கடலையைச் சாப்பிடு, பிறகு கடிதத்தைப் பிரி. பசியோடு இருக்கிறவனுக்கு எந்தச் சேதியும் கெட்ட சேதியாகத்தான் தெரியும்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனை நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அப்பா. கடிதத்தைக் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் அது போட்ட இடத்திலேயே கிடக்கும். கோபம் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நான் ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். போன பொங்கலுக்கு நீ என்னிடம் போனில் கேட்டாய்: "டீச்சரம்மா, எம் புள்ள இனியன் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே, ஏதாச்சும் இருக்குமா?" நான் சிரித்தேன். முப்பத்து மூன்று வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன், ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், இவன் ஆழமான பிள்ளை, கவலைப்படாதே என்றேன். அது தப்பு. தெரியாமல் சொன்னேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பார்க்காமல் சொன்னேன். பின்னால் எழிலரசி பயந்து பயந்து உன்னிடம் பேச்செடுத்தபோது, "டீச்சரே ஒண்ணுமில்லனு சொல்லிட்டாங்க, நீ இன்னா டாக்டரா?" என்று நீ அடக்கிவிட்டாயாமே. என் வார்த்தையை வைத்துத்தானே அவள் வாயை அடைத்தாய். அந்த வார்த்தையை இதோ கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்குகிறேன்.

எனக்கு மட்டுமா கண் தெரியாமல் போனது? போன தீபத்தன்று என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். வாசலில் வாணம் வெடிக்கிறது, மேளம் அதிர்கிறது, அரோகரா என்று ஊரே கத்துகிறது, இவன் உங்கள் சுண்டல் கடை மேசைக்குப் பக்கத்தில் சாக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தான். கிரிவலம் வந்த ஒரு சென்னைக் குடும்பம் அதைப் பார்த்துவிட்டு, "இது சாதாரணக் குழந்தை இல்லை" என்று விழுந்து கும்பிட்டது. அடுத்த பௌர்ணமிக்குள் பேர் வந்துவிட்டது, மௌனசாமி. உன் அப்பா ஒரு காவித் துண்டு வாங்கி வந்து அவன் இடுப்பில் கட்டினார். நீ அந்தப் படத்தை உன் ரூமில் இருப்பவர்களுக்கெல்லாம் காட்டினாய் என்று சுரேஷ்குமார் சொன்னான். மலையைச் சுற்றி எத்தனையோ மௌன சாமியார்களைப் பார்த்த ஊர் இது. பேசாதவரைக் கண்டால் கை கூப்பிப் பழகிவிட்டோம். பதினாலு மாதக் குழந்தை ஏன் பேசாமல் இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழிலரசியோடு நானும் போனேன். புதிதாக வந்திருக்கிற டாக்டர், கவிநிலா என்று பேர், ரொம்பச் சின்ன வயசு. ஊசி போட்டதும் அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு எழிலரசி எதிரில் உட்கார்ந்தார். ராத்திரி தூங்குகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் அவளைப் பற்றித்தான் கேட்டார். பிறகு, "உங்க புள்ளையப் பத்தி உங்க மனசுல ஏதாச்சும் உறுத்திக்கிட்டு இருக்கா?" என்றார்.

நான் ஆசிரியை அல்லவா, அவளுக்குப் பதிலாக வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைப் பார்த்து, "ஒரு நிமிஷம் டீச்சர், அவங்க சொல்லட்டும்" என்றார். வகுப்பில் நான் எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம் அது. முதல் தடவையாக என்னிடம் ஒருவர் சொன்னார்.

அப்போதுதான் உன் மனைவி அழுதாள். "ஆறு மாசமா எனக்குத் தெரியும் டாக்டரம்மா. அவன் முதுகுக்குப் பின்னால நின்னு எவர்சில்வர் தட்டைக் கீழ போட்டேன். திரும்பல. மறுநாளும் போட்டேன். தினம் ஒரு வாட்டி போட்டுப் பாக்கறேன். யார்கிட்ட சொல்றது? எல்லாரும் சாமினு கும்பிடறாங்க."

முருகவேல், அந்தத் தட்டுச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டிருக்கிறது. தினமும் கேட்டிருக்கிறது. இந்தப் பெண்ணுக்குக் கையில் பிடிப்பே இல்லை என்று நினைத்தேன்.

டாக்டர் அதட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "நீங்க சரியாத்தான் பாத்திருக்கீங்க. நான் செய்யவேண்டிய சோதனையை நீங்களே செஞ்சிட்டீங்க" என்றார். அதைக் கேட்டதும் எழிலரசி நிமிர்ந்து உட்கார்ந்தாளே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள்கூட என் எதிரில் அப்படி நிமிர்ந்ததில்லை.

அதன் பிறகு திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலைந்து நடை போனோம். தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் மந்தம். முழுச் செவிடு இல்லை, கொஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவரலாம் என்றார்கள். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக விழாமல் கரகரவென்று இருந்தால் பாட்டே இல்லை என்றா சொல்வோம்? முள்ளைத் திருகுவோம் இல்லையா, அதுபோல. ஆனால் முள்ளைத் திருக ஒரு வயசு இருக்கிறதாம். மூளை பேச்சைக் கற்றுக்கொள்வது இந்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில்தான் அதிகமாம். நாம் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு பௌர்ணமியும் அந்தக் கணக்கில் போயிருக்கிறது.

கீழ்பென்னாத்தூரில் நான் வேலை பார்த்தபோது ஒரு பையன் இருந்தான். மூன்றாவது வரிசை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். திமிர் என்று நினைத்து அவனை ஒரு வருஷம் முழுக்க வெளியே நிறுத்தினேன். அந்த டாக்டர் அறையில் அவன் முகம் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

ஜூன் மாதம் காது மிஷின் மாட்டினார்கள். உன் அப்பா வர மாட்டேன் என்று வீம்பு பிடித்து, கடைசி நிமிஷத்தில் ஆட்டோவில் ஏறிக்கொண்டவர், அறையில் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் மாட்டி, ஒரு பொத்தானை அமுக்கியதும் இனியன் அப்படியே அசையாமல் இருந்தான். எங்களுக்கு உயிரே இல்லை. அந்த நேரம் பார்த்து உன் அப்பா தொண்டையைக் கனைத்தார். அவர் கனைப்புதான் தெரு முழுக்கத் தெரியுமே. குழந்தை சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தான். அவர் திகைத்துப் போய் இன்னொரு முறை கனைத்தார். மறுபடி பார்த்தான். ஆஸ்பத்திரி வாசலில் வந்து என்னிடம் சொன்னார்: "இருபது மாசமா இவன் பின்னாலயே இருமிக்கினு இருக்கேன் டீச்சரம்மா. இன்னிக்குத்தான் 'யார்ரா அவன்'னு பாத்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தவர், ஆட்டோ ஏறும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மிஷின் மாட்டியதும் எல்லாம் ஆகிவிடவில்லை. முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். ஒருநாள் சுண்டல் சட்டியில் போட்டுவிட்டான், நல்ல வேளை சட்டி காலி. வியர்வை படக்கூடாது என்பதால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் காதோரம் துடைத்துக்கொண்டிருக்கிறார். எதை வைத்துத் தெரியுமா? அந்தக் காவித் துண்டுதான். நல்ல பருத்தி, ஈரம் இழுக்கிறது என்கிறார்.

வியாழக்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் டாக்டர் தாய்மார்களைப் பாயில் உட்கார வைத்துப் பேசுகிறார். நானும் போய்க் கடைசியில் உட்காருகிறேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து பேசு, செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல், அவன் ஒரு சத்தம் போட்டால் அதற்குப் பதில் சொல், அவ்வளவுதான். காது நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் இதேதான் வேண்டுமாம். ஒரு நாள்கூட எழிலரசியிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் டாக்டர் விட்டதில்லை. இவளும் இப்போது விடிந்தது முதல் பேசிக்கொண்டே இருக்கிறாள். "வெங்காயம் உரிக்கிறேன்டா, கண்ணு எரியுதுடா, அப்பா மஸ்கட்ல சமைக்கிறாருடா, உப்பு ஜாஸ்தி போட்டிருப்பாரு." உன் வீட்டில் என்ன குழம்பு என்று நான் இனி கேட்கவே வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான சேதி. போன வெள்ளிக்கிழமை ஆடிப் பௌர்ணமி. பொழுது சாயும் நேரம், ரோடு நிறைய ஜனம். அந்தச் சென்னைக் குடும்பம் தேடிக்கொண்டு வந்தது, இம்முறை உறவுக்காரர்களோடு, தட்டில் பழம், பூவோடு. "மௌனசாமி எங்கேம்மா?" என்றார்கள். எழிலரசி தட்டைக் கையில் வாங்கவில்லை. அந்த அம்மாள் குழந்தையின் காதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, சாமிக்கு இது என்ன?" என்றாள். கடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான் எழுந்து விளக்கம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஒரு நிமிஷம் டீச்சர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் அப்பாதான் எழுந்தார். "சாமி மேல இருக்காரும்மா, மலையைப் பாத்துக் கும்பிடுங்க. இது எங்க ஊட்டுப் புள்ள. காது கேக்கல, அதான் பேசல. இப்ப கேக்குது. பேரு இனியன். வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க" என்றார்.

யாரும் கூப்பிடவில்லை. குழந்தை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேர்க்கடலைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ரோட்டில் அத்தனை சத்தம். எழிலரசி கடை அடுப்படியில் நின்றபடியே, உரக்கக்கூட இல்லை, "இனியா" என்றாள்.

திரும்பினான். திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான், அந்த அம்மாள் தட்டில் இருந்த பழத்தைப் பார்த்தான். கையை நீட்டி, "தா!" என்றான்.

அவ்வளவு பேரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பழத்தை உரித்துக் கொடுத்தாள். போகும்போது, தன் அண்ணன் பேத்தியும் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று சொல்லி, டாக்டர் பேரையும் வியாழக்கிழமையையும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் ஒரு மூச்சு விடுவோமே, அப்படி விட்டேன் நான்.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். "தா"வும் "ம்மா"வும்தான் இதுவரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் நடக்க ஆரம்பித்தாகிவிட்டது.

இன்னொரு தப்பையும் சொல்லி முடிக்கிறேன். நீ வருத்தப்படுவாய் என்று, நீ வீடியோவில் வரும்போதெல்லாம் மிஷினைக் கழற்றி ஒளித்து வைக்கச் சொன்னவளும் நான்தான். போன மாதம் ஒருநாள் எழிலரசி மறந்துவிட்டாள். நீ பார்த்தாய், ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய். நீ கூப்பிட்டு இன்றோடு இருபத்து மூன்று நாள். ஊர் சிரிக்கும் என்று நீ நினைத்திருப்பாய். ஊர் கை தட்டியதை மேலே எழுதியிருக்கிறேன்.

நீ கிளம்பும்போது அவனுக்கு மூன்று மாதம். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறை நீ அவனைக் கொஞ்சிப் பேசியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்கும் வசதி வந்த பிறகு நாங்கள் கழற்றிவிட்டோம். வெங்காயம் உரிக்கிற கதைகூட இப்போது அவனுக்குப் பழக்கம். உன் குரலை மட்டும் அவன் இன்னும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, முருகவேல்.

சுரேஷ்குமார் வியாழக்கிழமை இரவு அங்கே சேர்ந்துவிடுவான். வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. இங்கே காலை பத்து மணிக்கு அவன் குளித்து, காது துடைத்து, மிஷின் மாட்டிக்கொண்டு போனுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பான். எழிலரசியிடம் நான் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவளும் பக்கத்தில்தான் இருப்பாள். அவளிடம் நீ எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டியா என்று கேள், போதும்.

அண்ணாமலையார் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடு. உடனே திரும்பவில்லை என்றால் வைத்துவிடாதே, அப்பா. புதுக் குரல் அல்லவா, யாருடையது என்று யோசிப்பான். இன்னொரு தடவை கூப்பிடு.

இப்படிக்கு,
உன் மேலும் உன் பிள்ளை மேலும் மாறாத அன்புள்ள,
தங்கம்மாள்