பச்சை விளக்கு எரிந்த பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம்.

அறைக்கு வைஃபை வாங்கினேன். பெட்டியில் சிவப்பு விளக்கே எரிந்ததால் கம்பெனிக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண் ஆங்கிலத்தில், ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னாள். மேசைக்கடியில் குனிந்தபோது தலை இடித்து, "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"அட, நீங்க தமிழா அண்ணா?" என்றாள்.

மாட்டியதும் பச்சை எரிந்தது. ஆனால் இந்த ஊரில் தமிழில் பேசி எத்தனை நாளாயிற்று! "இன்னும் சிவப்புதாம்மா" என்று புளுகினேன். கழற்றுவதுபோல் நடித்துக்கொண்டே மழையிலிருந்து சமையல்வரை பேசினேன்.

கடைசியில் அவள் சிரித்தாள். "பச்சை வந்தது எனக்கு அப்பவே இங்க கம்ப்யூட்டர்ல தெரிஞ்சிடுச்சுண்ணா. பரவால்ல, பேசுங்க."

மானம் போயிற்று!

ஞாயிறன்று வீடியோவில் கூப்பிடுகிறேன். போனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேராகப் பிடி. "நல்லாயிருக்கோம்பா, வெச்சிடறேன்" என்று உடனே வைத்துவிடாதே.

பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உன் மகன்